குக்கரில் பொலோனீஸ் சாஸ் அடிபிடிக்கிறது, என்ன செய்யலாம்?

நண்பர்களே, ஒரு சந்தேகம். இத்தாலியின் பொலோன்யா ஊர் இறைச்சிச் சாஸை, அதாவது ராகுவை, 3 மணி நேரம் அடுப்பில் கிண்டிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாமல் குக்கரில் வைத்தேன். வெங்காயம், கேரட், செலரி மூன்றும் நன்றாகத்தான் வதங்கின. அரை கிலோ மாட்டுக் கொத்துக்கறியும் சிவந்து வந்தது. அப்புறம் ஒயின், தக்காளி விழுது, கால் கப் தண்ணீர் ஊற்றி மூடினேன். விசில் வருவதற்குள் தீய்ந்த வாடை! திறந்தால் அடியில் கறுப்பாக ஒரு படலம், மேலே தண்ணியாகச் சாஸ். மூடிய குக்கரில் நீர் வற்றாது, சரி. ஆனால் தண்ணீரைக் கூட்டினால் இன்னும் நீர்த்துப்போகாதா? தக்காளியைக் கிளறாமல் மேலாக விட்டால் போதுமா? இந்தச் சாஸில் சேர்க்கும் பாலை, குக்கரைத் திறந்த பிறகுதான் ஊற்ற வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் எத்தனை நிமிடம் வைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள். குக்கரை இன்னும் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.