பழைய இறப்பின் மருத்துவக் காரணத்தை அறிய வழி உண்டா?

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு இதயத்தசை தடித்திருப்பதைக் கண்டறிந்த மருத்துவர், இது பரம்பரையாகவும் வரக்கூடியது என்பதால், 2016-இல் மருத்துவமனையில் காலமான எங்கள் பெரியப்பாவின் இறப்புக்கான காரணத்தைக் கேட்கிறார். பெரியம்மாவும் இன்று இல்லை. இறப்புச் சான்றில் பெயர், நாள், இடம், முகவரி எல்லாம் இருக்கின்றன. காரணம் மட்டும் இல்லை.

பதிவேட்டிலிருந்து எவருக்கு வழங்கும் சான்றிலும் இறப்பின் காரணத்தை வெளியிடக் கூடாது என்று 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. தற்கொலை, எய்ட்ஸ் என்றால் ஊர்வாய் என்னவெல்லாம் பேசும் என்று எண்ணும்போது அந்தத் தடை நியாயமானதே. இங்கிலாந்தில் கட்டணம் செலுத்தும் எவரும் காரணத்துடன் கூடிய சான்றைப் பெறலாம். அந்த அளவுக்குத் திறந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும், இரத்த உறவினரையும் வழிப்போக்கரையும் ஒரே தட்டில் வைப்பது சரியா?

மருத்துவர் தரும் காரணச் சான்றின் (மருத்துவமனை இறப்புகளுக்குப் படிவம் 4) நகலை நெருங்கிய உறவினருக்கும் வழங்க வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டின் திருத்தம். அதற்கு முந்தைய இறப்புக்குப் படிவம் 4-இன் நகலைப் பெற்றவர்கள், மருத்துவமனையின் ஆவணப் பிரிவை அணுகினீர்களா, பதிவாளரையா, இறந்தவரின் தம்பி மகன் என்ற உறவு போதுமானதாக இருந்ததா என்பதைத் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.