நான்கு சேனல் ஒலியோடை உலாவியில் ஸ்டீரியோவாகச் சுருங்குவது ஏன்?

செவிநுகர்:
வணக்கம். ஒரு வானொலி நிலையம் சோதனை முயற்சியாக இசைக் கச்சேரிகளை நான்கு சேனல் சுற்றொலியில், அதாவது முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்ற அமைப்பில், இணையத்தில் ஒலிபரப்பி வருகிறது. தனிச் செயலி கிடையாது. உலாவியில் மட்டுமே கேட்க இயலும். என் விண்டோஸ் கணினியை ஆப்டிகல் கேபிள் வழியாக ரிசீவருடன் இணைத்திருக்கிறேன். அதே கேபிளில் டிவிடி படங்கள் 5.1 சேனலில் (ஐந்து ஸ்பீக்கர்கள், தாழ்ந்த ஒலிகளுக்கான ஒரு சப்வூஃபர்) ஒலிக்கின்றன. இந்த ஒலியோடையைத் திறந்தால் மட்டும் பின்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் ஊமையாகிவிடுகின்றன. பழைய மடிக்கணினியில் 'உங்கள் உலாவியில் இயங்காது' என்ற அறிவிப்பு வருகிறது. கைப்பேசியில் அதுவும் இல்லை, வெறும் அமைதிதான். குறை ஒலியோடையிலா, உலாவியிலா, இயங்குதளத்திலா என்று எப்படிப் பிரித்தறிவது?

அலைவரிசை:
மூன்று கருவிகளிலும் ஒரே குறை இல்லை என்றே தோன்றுகிறது. முதல் கணினியைப் பொறுத்தவரை நான் கேபிளைத்தான் சந்தேகிப்பேன். டிவிடி ஒலிக்கும்போது, டால்பி டிஜிட்டலாகச் சுருக்கப்பட்ட தரவு பிரிக்கப்படாமலேயே ரிசீவருக்குச் செல்கிறது. அதைச் சேனல் வாரியாகப் பிரிப்பது ரிசீவரின் வேலை. உலாவி அப்படி நடந்துகொள்வதில்லை. அது ஒலியைத் தானே பிரித்து, பிசிஎம் என்னும் சுருக்கப்படாத வடிவில் இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. ஆப்டிகல் இணைப்போ பிசிஎம் வடிவில் இரண்டு சேனல்களுக்கு மேல் சுமக்காது. ஆகவே அந்த வெளியீட்டை விண்டோஸ் ஸ்டீரியோ என்றே உலாவிக்கு அறிவிக்கிறது; உலாவியும் நான்கு சேனல்களையும் இரண்டாக மடித்து அனுப்பிவிடுகிறது. இது விதிப்படியே நடப்பதால் பிழைச் செய்தி எதுவும் எழாது. எச்டிஎம்ஐ வழியாக இணைத்தால் பிசிஎம் வடிவிலேயே எட்டு சேனல்கள் வரை செல்லும்.

கேபிளை மாற்றியபின் ஒலி அமைப்புகளில் அந்தக் கருவியை 5.1 என்று தேர்ந்தெடுக்க மறவாதீர்கள். அங்குள்ள சோதனைப் பொத்தான் ஸ்பீக்கர்களை மட்டுமே சரிபார்க்கும். உலாவியைப் பற்றி அது எதையும் சொல்லாது. ஒவ்வொரு சேனலிலும் அதன் பெயரைக் குரலால் சொல்லும் சோதனைக் கோப்பு ஒன்றை அதே உலாவியில் திறந்து கேளுங்கள். ரிசீவரையும் நேரடி நிலையில் வையுங்கள். ஸ்டீரியோவை எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பரப்பும் நிலையில் இருந்தால் பின்பக்கமும் ஒலிக்கும், வெற்றி கிடைத்துவிட்டதாக நாமும் ஏமாந்துவிடுவோம். (நான் ஒரு மாலை முழுவதும் அப்படி ஏமாந்திருக்கிறேன்.)

நுண்துளி:
மற்ற இரண்டு கருவிகளைப் பற்றிச் சொல்கிறேன். இத்தகைய சோதனை ஒலியோடைகள் பெரும்பாலும் ஒலியைச் சிறு துண்டுகளாக அனுப்பி, ஜாவாஸ்கிரிப்ட் மூலம் அவற்றை உலாவிக்கு ஊட்டும் முறையில் இயங்குகின்றன. அதற்கு மீடியா சோர்ஸ் எக்ஸ்டென்ஷன்ஸ் என்னும் வசதி உலாவியில் இருக்க வேண்டும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக அது ஆனது 2016-இல்தான். அதற்கு முன்பே பல உலாவிகளில் இருந்தாலும், இயங்குதளத்தைப் பொறுத்து வேறுபாடு இருந்தது: இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 விண்டோஸ் 8.1-இல் இதை ஏற்றுக்கொள்ளும், அதே பதிப்பு விண்டோஸ் 7-இல் ஏற்றுக்கொள்ளாது. ஐஃபோனில் ஐஓஎஸ் 17.1 வரும்வரை இந்த வசதியே இல்லை. அதிலும் மேனேஜ்டு மீடியா சோர்ஸ் என்ற மாற்று வடிவம்தான் வந்தது. ஐஃபோனில் வேறு உலாவியை நிறுவியும் பயனிருக்கவில்லை, ஏனெனில் பெயர் வேறானாலும் உள்ளே இயங்கியது ஆப்பிளின் அதே வெப்கிட் உலாவி இயந்திரம்தான். ப்ளூடூத் ஹெட்போன் வழியாகக் கேட்பவர்களுக்கு, ப்ளூடூத்தில் இசையை அனுப்பும் வழக்கமான ஏ2டிபி இணைப்பு எப்படியும் ஸ்டீரியோவோடு நின்றுவிடும்.

ஒலிபரப்பாளரின் பக்கத்திலும் ஒரு தவறு நேரக்கூடும். உலாவிக்குள் ஒலியைக் கையாளும் வெப் ஆடியோ என்ற நிரல் வசதியில், ஒலி வெளியேறும் கடைசிக் கணுவின் சேனல் எண்ணிக்கை இயல்பாக இரண்டு. நிரல் எழுதியவர் அதை உயர்த்த மறந்தால், கேட்பவர் எத்தனை ஸ்பீக்கர் வைத்திருந்தாலும் பயனில்லை.

செவிநுகர்:
இருவருக்கும் நன்றி. எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாறி, 5.1 என்று அமைத்தேன். கரவொலி இப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. கைப்பேசியின் இயங்குதளம் பழையது என்பதையும் கவனித்தேன், அதை விட்டுவிடுகிறேன். ஒரு ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது: ரிசீவரின் திரையில் 5.1 என்று தெரிகிறது, ஆனால் நடு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் துளியும் ஒலிக்கவில்லை. சோதனைக் கோப்பில் இரண்டும் ஒலிக்கின்றன.

அலைவரிசை:
சோதனைக் கோப்பில் ஒலித்தால் உங்கள் பக்கம் குறை இல்லை. ரிசீவர் காட்டுவது கணினியின் அமைப்பைத்தான், ஒலியோடையின் சேனல் எண்ணிக்கையை அன்று. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்றால் நடுவிலும் சப்வூஃபரிலும் வைக்க ஒன்றுமே இல்லை. மேலும், ஒலியைச் சுருக்கப் பயன்படும் ஏஏசி கோடெக்கின் சேனல் அமைப்புப் பட்டியலில் 4 என்ற எண்ணுக்குரியது முன்னால் மூன்றும் பின்னால் ஒன்றும் கொண்ட அமைப்பாகும். உங்கள் நிலையம் பயன்படுத்தும் அமைப்புக்கு அதில் தனி எண் கிடையாது. அதனால் சிலர் நடுச் சேனலையும் சப்வூஃபர் சேனலையும் வெறுமையாக விட்டு, 5.1 என்ற உறைக்குள் நான்கு சேனல்களை வைத்து அனுப்புவது உண்டு. எந்த வழியில் அனுப்பினாலும் விளைவு நீங்கள் கேட்பதுதான். முன்பக்க ஸ்பீக்கர்கள் சிறியவை என்று ரிசீவரில் குறித்தால் அவற்றின் தாழ்ந்த ஒலிகள் சப்வூஃபருக்குத் திரும்பிவிடும். நடு ஸ்பீக்கரை அப்படியே விட்டுவிடுங்கள்.