ஒப்பிக்கிறார்கள், வாசிக்கத் தெரியவில்லை: வழி சொல்லுங்கள்

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டம் ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூர். இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021இல் வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். இன்றும் அதே மாலை 5 முதல் 7 மணி வரை பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

சிக்கல் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம். ஜூனிலிருந்து இதே நிலைதான். பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். அதே பக்கத்தில் நடுவே ஒரு சொல்லின்மேல் விரல் வைத்தால் வாயடைத்துப் போகிறார்கள். உயிரும் மெய்யும் தெரியும். ஆகாரம், இகரம்வரை தடுமாற்றமில்லை. உகரத்தில் சறுக்குகிறார்கள்: கு, சு, து, மு என எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறதே! அடுத்த தடை ஒகரம். ‘கொடி’யைக் ‘கெடி’ என்கிறார்கள். முன்னால் நிற்கும் கொம்பைக் கண்டதும் முடிவுகட்டிவிடுகிறார்கள். பின்னால் வரும் துணைக்கால் கண்ணில் படுவதேயில்லை. பார்வையில் குறையில்லை, பரிசோதித்தாயிற்று.

247 எழுத்து அட்டவணையைச் சுவரில் ஒட்டினேன். அதையும் ராகம் போட்டு மனப்பாடம் செய்துவிட்டார்கள், கெட்டிக்காரர்கள். சொல் அட்டை கொடுத்தால் படத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். படத்தை மறைத்தால் மௌனம். சொல்வதெழுதுதல் வைத்தால் மறுநாள் பாதிப் பேர் வருவதில்லை. பெரிய பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்தது ஓரளவு பலித்தது, ஆனால் சாமை அறுப்பு வந்தால் அவர்கள் காட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

கையில் இருப்பது ஒரு கரும்பலகையும் சாக்பீஸும்தான். கைப்பேசிச் செயலிகள் வேண்டாம், இங்கே சிக்னல் கிடைப்பது அரிது.

இந்த வயதினருக்கு உகர, ஒகர வரிசைகளை எந்த எழுத்தில், எந்தச் சொற்களோடு தொடங்கினால் பிடிபடும்?