கார்ல்ஸ்ஹாஃபன் ஊருக்குள்ள எதுக்கு ஒரு ஹார்பர்? ஜெர்மன் குட்டி அரசர்கள் வெட்டின கால்வாய்கள்

நதிமூலம்:
ஜெர்மனியோட பழைய அரச குடும்பங்களைப் பத்தி படிச்சிட்டு இருக்கேன். வேஸர் ஆத்தங்கரையில பாட் கார்ல்ஸ்ஹாஃபன்னு ஒரு சின்ன ஊர், ஒரே மாதிரி வெள்ளை வீடுங்க, நட்ட நடுவுல தெப்பக்குளம் மாதிரி ஒரு ஹார்பர். ஆறு பக்கத்துலயே ஓடுறப்ப ஊருக்குள்ள எதுக்கு அது? ஹெஸ்ஸே-காஸலை ஆண்ட லாண்ட்கிராஃப் (அங்க குட்டி அரசருக்கான பட்டம்) கார்ல் கட்டினார்னு மட்டும் போட்டிருக்கு. வெறும் ஆடம்பரமா?

கரையோரம்:
ஆடம்பரம் இல்லைங்க, வயித்தெரிச்சல். மேப்பை எடுத்துப் பாருங்க, காஸல் வழியா ஓடுற ஃபுல்டா ஆறு ம்யூண்டன்ல வெர்ரா ஆத்தோட சேருது, அங்க இருந்துதான் வேஸர்னு பேரு. ஆனா ம்யூண்டன் கார்லோட ஊர் இல்ல, வெல்ஃப் குடும்பத்தோட ஊர். 1247-லயே அதுக்கு ஸ்டாப்பெல் உரிமை கிடைச்சிருச்சு, அதாவது அந்தப் பக்கம் போற வியாபாரி யாரா இருந்தாலும் சரக்கை இறக்கி அங்க விலைக்கு வைக்கணும், அப்புறம்தான் மேல போக முடியும். காஸல்ல இருந்து கடலுக்கு ஆத்து வழியா போற சரக்கெல்லாம் அடுத்தவன் வாசல்ல நின்னுட்டுப் போகணும்.

அதனால ம்யூண்டனைத் தாண்டி, டீமல் ஆறு வேஸர்ல சேர்ற இடத்துல 1699-ல ஒரு புது ஊரையே உண்டாக்கினார். முதல் பேரு ஸீபுர்க், 1717-லதான் கார்ல்ஸ்ஹாஃபன். பிரான்ஸ்ல இருந்து தப்பி வந்த ஹ்யூகனாட் (பிரெஞ்சு புராட்டஸ்டன்ட்) அகதிகளை அங்க குடியேத்தினார். அங்க இருந்து டீமல், எஸ்ஸே பள்ளத்தாக்கு வழியா காஸல் வரைக்கும் கால்வாய் வெட்டணும்ங்கிறதுதான் திட்டம், நீங்க பாத்த ஹார்பர் அதோட வாசல். 1730-ல கார்ல் இறந்ததும் வேலை நின்னுபோச்சு, கால்வாய் காஸலைத் தொடவே இல்ல. அந்த ஊரை நினைச்சாலே எனக்கு மனசு கனத்துப்போகும்.

பழையசுவடி:
இதோட டெனிஸ் பாப்பன் கதையையும் சேர்த்துப் படிங்க. நீராவியை வச்சு ஆராய்ச்சி பண்ணவர், அவரும் ஹ்யூகனாட்தான், கார்லோட ஆதரவுல இருந்தவர். 1707-ல துடுப்புச் சக்கரம் வச்ச ஒரு படகுல காஸல்ல இருந்து கிளம்பினார், வேஸர் வழியா போய் இங்கிலாந்து சேரணும்னு. ம்யூண்டன்ல விட அனுமதி வேணும், ம்யூண்டனை வச்சிருந்த வெல்ஃப் குடும்பத்தோட ஹானோவர் அரசவையில இருந்த தத்துவஞானி லைப்னிட்ஸ் அவருக்காகக் கேட்டும் கிடைக்கல. கிளம்பியே வந்துட்டார், அங்க இருந்த படகோட்டிகள் சங்கத்து ஆளுங்க படகை உடைச்சுப் போட்டாங்க. அது நீராவிப் படகுன்னு நிறைய இடத்துல எழுதறாங்க, அது தப்பு, சக்கரத்தை ஆளுங்க கையாலதான் சுத்தினாங்க. படகு உடைஞ்சதுக்குக் காரணம் அந்த ஸ்டாப்பெல் உரிமைதான்.

கரையோரம்:
ஆமாங்க, அதை விட்டுட்டேன், நன்றி.

தூரிகை:
ஹெஸ்ஸே மட்டும் இல்ல, பிராண்டன்பர்க்லயும் இதேதான். முப்பது வருஷப் போரை முடிச்ச 1648 சமாதானத்துல ஓடர் ஆத்து முகத்துவாரமும் அங்க இருக்கிற துறைமுகம் ஸ்டெட்டினும் ஸ்வீடன் கைக்குப் போயிருச்சு. ஹோஹென்ஸோலர்ன் குடும்பத்து ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் 1662-ல ஆரம்பிச்சு ஓடரையும் ஸ்ப்ரேயையும் இணைச்சு ஒரு கால்வாய் வெட்டினார், ஓடரோட மேல்பக்கம் இருக்கிற சைலீசியா சரக்கு ஸ்டெட்டின் பக்கமே போகாம பெர்லின் வழியா ஹாம்பர்க் போக ஆரம்பிச்சுது. கார்லுக்கு கிடைக்காதது இவருக்கு கிடைச்சுது, தூரமும் கம்மி, நிலமும் சமவெளி.

ஆனா கால்வாயை முடிச்சிட்டா மட்டும் ஜெயிச்சதா ஆகாது. பவேரியா ராஜா முதலாம் லுட்விக் (விட்டல்ஸ்பாக் குடும்பம்) 1836-ல இருந்து 1846 வரைக்கும் மைன் ஆத்தையும் டானூபையும் இணைச்சு பாம்பர்க்ல இருந்து கெல்ஹைம் வரைக்கும் வெட்டினார், 170 கிலோமீட்டருக்கு மேல, படகை ஏத்தி இறக்க 100 லாக். ஆனா வேலை ஆரம்பிக்கிறதுக்கு முந்தின வருஷமே ந்யூரன்பர்க்-ஃப்யூர்த் ரயில் ஓட ஆரம்பிச்சிருச்சு, அதுக்கும் அதே ராஜா பேருதான்! கொஞ்ச வருஷத்துல ரயில்தான் சரக்கை வாரிக்கிட்டுப் போச்சு, 1950-ல கால்வாயை மூடிட்டாங்க. இப்ப இருக்கிற பெரிய மைன்-டானூப் கால்வாய் 1992-ல திறந்தது.

நதிமூலம்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மேப்ல ம்யூண்டனையும் கார்ல்ஸ்ஹாஃபனையும் பக்கத்துல வச்சுப் பாத்ததும் எல்லாம் விளங்கிருச்சு. அந்த ஹார்பர்ல இப்பவாவது படகு வருதா?

கரையோரம்:
வருதுங்க. ரொம்ப வருஷம் ஆத்தோட தொடர்பே இல்லாம கிடந்துச்சு, 2019-ல புது லாக் கட்டி வேஸரோட திரும்ப இணைச்சிட்டாங்க.