பொம்பெயி போனால் பிணம் தவிர வேறு என்ன பார்க்கலாம்?

கேள்விக்குறி:
அடுத்த வருடம் இத்தாலி போக யோசனை, நான்கே நாள். வீட்டுக்காரர் ஒரு நாளைப் பொம்பெயிக்கு ஒதுக்கலாம் என்கிறார் (பாம்பே இல்லை, அம்மா முதலில் அப்படித்தான் கேட்டார்). எரிமலை வெடித்து மனிதர்கள் அப்படியே கல்லாகிப்போன ஊர் என்று வீடியோவில் பார்த்ததோடு சரி. பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பிணத்தையா காட்டுவது? வேறு என்ன இருக்கிறது அங்கே?

மண்வெட்டி:
யாரும் கல்லாகவில்லைங்க. கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது சாம்பலில் புதைந்தவர்களின் உடல் மக்கிவிட்டது, சுற்றியிருந்த சாம்பல் மட்டும் இறுகி, ஆள் கிடந்த அச்சில் பொந்தாக நின்றது. 1863இல் பியோரெல்லி என்பவர் பொந்துக்குள் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி எடுத்த வார்ப்புகள்தான் நீங்கள் வீடியோவில் பார்த்தவை. உள்ளே எலும்பு உண்டு, அது நிஜம்.

என்னைக் கேட்டால் அங்கே பார்க்க வேண்டியது சாப்பாட்டுக் கடை. 2020 கடைசியில் ஒன்றை முழுதாகத் தோண்டி எடுத்ததாக அறிவித்தார்கள். கல்லாப்பெட்டி மேடை மாதிரி ஒரு மேடை, அதில் கழுத்துவரை பதித்த பானைகள், முன்பக்கம் தலைகீழாகத் தொங்கும் வாத்துகளின் ஓவியம். பானைக்குள் பார்த்தால் வாத்து எலும்பு! கூடவே பன்றி, ஆடு, மீன், நத்தை. இன்னொரு பானையின் அடியில் இடித்த மொச்சை மாதிரி ஒரு பயறு, ஒயினின் நிறத்தை வெளுக்கப் போடுவார்களாம். பக்கத்தில் ஒரு நாய்ப் படம், அதன் ஓரத்தில் யாரையோ அசிங்கமாகத் திட்டிக் கீறி வைத்திருக்கிறார்கள், நம்மூர் பஸ் சீட்டுக்குப் பின்னால் இருக்குமே, அதே ரகம். அரண்மனையும் கோயிலும் எங்கேயும் கிடைக்கும், ராத்திரிச் சாப்பாடு இப்படி எங்கே கிடைக்கும்?

தூங்காமூஞ்சி:
ஆகஸ்ட் 24 அன்று வெடித்தது என்று பள்ளியில் படித்தோம், இப்போது அதுவே ஆட்டம் கண்டுவிட்டது. 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய தேதி கிடைத்தது, நம் கணக்கில் அக்டோபர் 17. வருடம் போடவில்லை. ஆனால் கரி எழுத்து சுவரில் எத்தனை நாள் நிற்கும், எனவே அதே வருடமாகத்தான் இருக்கும் என்கிறார்கள். மாதுளம்பழமும் கணப்புச் சட்டியும் கிடைத்ததை வைத்து, ஆகஸ்டில் எதற்குக் கணப்பு என்று அதற்கு முன்பே சிலர் சந்தேகப்பட்டதுதான். ஆகஸ்ட் தேதி, வெடிப்பை நேரில் பார்த்த இளைய பிளினி என்ற ரோமானியரின் கடிதத்திலிருந்து வந்தது, அதுவும் கைமாறிக் கைமாறிப் பிரதியெடுத்தது. எனக்கு அக்டோபர்தான் சரியாகப் படுகிறது.

மண்வெட்டி:
அந்த வார்ப்புகளிலும் இதே கதைதான். தங்கக் காப்பு போட்ட ஒருவர், மடியில் குழந்தை: தாயும் பிள்ளையும் என்றே ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். 2024இல் எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தால் அவர் ஆண், குழந்தைக்கும் அவருக்கும் ரத்த சம்பந்தமே இல்லை. காப்பைப் பார்த்ததும் அம்மா என்று முடிவு கட்டியது நாம்தான்.

கேள்விக்குறி:
சரி, வாத்துக்கடைக்காகவே போகலாம் போல. வெயில் எப்படி, பெரியவன் நடக்க அழுவான்?

தூங்காமூஞ்சி:
ஊரில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டவே இல்லை, தோண்டினதைச் சுற்றவே கால் கழன்றுவிடும். நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். தெருவெல்லாம் பாறாங்கல், நல்ல ஷூ போட்டுவிடுங்கள். சாக்கடைத் தண்ணீரில் கால் படாமல் தெருவைக் கடக்க அந்தக் காலத்தில் போட்ட உயரமான கற்கள் வரிசையாக இருக்கும், அதில் தாவ விட்டால் பையன் அழமாட்டான்.