ஸ்லைடில் உலர்ந்த நீர்க்கரடி ஏன் எழுவதில்லை?

கேள்வி:
பாசியை ஊறவைத்துப் பிழிந்த நீரில் நீர்க்கரடிகள் (உலர்ந்து கிடந்து, நீர் பட்டால் மீண்டும் எழும் டார்டிகிரேடு என்னும் நுண்விலங்குகள்) கிடைத்துவிட்டன. 40 மடங்கு உருப்பெருக்கத்தில் எட்டுக் காலும் அசைவது தெளிவாகத் தெரிகிறது. ஒரு துளி நீரோடு ஸ்லைடில் விட்டு உலர்த்தி, மறுநாள் தண்ணீர் சேர்த்தால் ஒன்றுகூட எழவில்லை, தட்டையான தோலாக ஒட்டிக்கிடக்கின்றன. விண்வெளிக்கே போய்ப் பிழைத்த உயிர் கண்ணாடியில் சாவது ஏன்? சரியாக உலர்த்துவது எப்படி?

பதில் 1:
வேகம்தான் காரணம். உலரும்போது நீர்க்கரடி கால்களை உள்ளிழுத்து, உடலைச் சுருக்கி, பீப்பாய் வடிவத்துக்கு வரவேண்டும். அப்போதுதான் பரப்பு குறைந்து நீரிழப்பு மெதுவாகும், உடலுக்குள் பாதுகாப்புப் புரதங்கள் வேலை செய்ய நேரம் கிடைக்கும். கண்ணாடியில் துளி சட்டென்று வற்றுகிறது. வற்றும் நீர்ப்படலம் உடலை நசுக்கித் தட்டையாக்கிவிடுகிறது.

ஸ்லைடுக்குப் பதில் ஒரு செ.மீ. அளவு வடிதாள் துண்டைப் பயன்படுத்துங்கள். நுனி மெல்லிய பிப்பெட்டால் கரடிகளை அதில் விட்டு, மிகுந்த நீரை இன்னொரு தாளால் ஒற்றி எடுங்கள். காற்றுப் புகாத டப்பாவின் அடியில் பொட்டாசியம் குளோரைடு உப்பின் தெவிட்டிய கரைசலை (இனிக் கரையாத அளவு உப்புச் சேர்த்த நீரை) ஊற்றி, தாளை அதற்கு மேலே ஒரு சிறு மேடையில் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் சுமார் 85% இருக்கும். ஒருநாள் கழித்து, மக்னீசியம் குளோரைடின் தெவிட்டிய கரைசல் உள்ள டப்பாவுக்கு (சுமார் 33%) மாற்றி இன்னொரு நாள் விடுங்கள். கரையாத உப்பு எப்போதும் அடியில் தங்கியிருக்க வேண்டும். அது தீர்ந்தால் ஈரப்பதம் ஏறிவிடும். கரைசல் தாளில் பட்டால் எல்லாம் போச்சு.

எழுப்ப, குளோரின் இல்லாத நீர் சில துளிகள் போதும். சில நிமிடங்களில் கால் நீட்டுபவையும் உண்டு, மணிக்கணக்கில் எடுத்துக்கொள்பவையும் உண்டு. 24 மணி நேரம் பார்க்காமல் செத்தது என்று முடிவுகட்டாதீர்கள்.

பதில் 2:
உலர்த்துமுன் கரடிகளையும் பொறுக்கியெடுக்க வேண்டும். பாசி நீண்டநேரம் நீரில் மூழ்கிக் கிடந்தால் ஆக்சிஜன் குறைந்து அவை விறைத்து, உப்பி, நீண்டு கிடக்கும். அந்நிலையில் உலர்த்தினால் பீப்பாய் ஆகவே ஆகாது. முதலில் ஆழமில்லாத புது நீரில் விடுங்கள், அசைவு திரும்பியவற்றை மட்டும் எடுங்கள். பட்டினி கிடந்தவையும் வேண்டாம். சுருங்கவும் மீளவும் சேமிப்பு ஆற்றல் தேவை.

இனமும் முக்கியம். நன்னீரில் வாழும் ஹிப்சிபியஸ் எக்செம்ப்ளாரிஸ் அதிக ஈரப்பதத்தில் பழகாமல் உலர்ந்தால் பிழைக்காது. பாசியில் வாழும் ராமசோட்டியஸ் வேரியோர்னாட்டஸ் வேகமான உலர்தலையும் தாங்கும். டிஎன்ஏவைக் கதிர்வீச்சிலிருந்து காக்கும் டிசப் புரதத்தை 2016-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தது இந்த இனத்தில்தான்.

பதில் 3:
விண்வெளிச் செய்தியைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். 2007-இல் ஃபோட்டான்-எம்3 விண்கலத்தில் போனவை முன்கூட்டியே உலர்த்தப்பட்டவை. வெற்றிடத்தை நன்றாகவே தாங்கின. சூரியனின் புற ஊதாக் கதிர் முழுதாகப் பட்டவற்றில் பிழைத்தவை மிகச் சில. நீரில் நடமாடும் கரடியோ மென்மையானது. ராமசோட்டியஸின் ஓரினம் ஒருநாள் முழுக்க 37 டிகிரியில் இருந்தால் பாதிக்குப் பாதி செத்துவிடும். நுண்ணோக்கியின் ஹாலஜன் விளக்கே ஒரு துளி நீரைச் சூடாக்கப் போதும், எல்இடி பயன்படுத்துங்கள்.

வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. 1983-இல் அண்டார்டிகாவில் எடுத்து மைனஸ் 20 டிகிரியில் வைத்த பாசியை 2014-இல் உருக்கியபோது, எழுந்த ஒரு கரடி முட்டையிட்டு, குஞ்சும் பொரித்தது. முப்பது ஆண்டு நின்ற வளர்சிதைமாற்றம் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது! உயிர் என்று எதைச் சொல்கிறோம் என்பதையே இது மறுபடி யோசிக்க வைக்கிறது.

கேட்டவர்:
நன்றி. உப்புகள் கைக்கு வரும்வரை பாசித் துண்டோடு அப்படியே உலரவிடலாமா?

பதில் 1:
தாராளமாக. பாசியின் இலையிடுக்கு ஈரத்தை மெல்லத்தான் விடும். வெயில் படாமல் நிழலில் உலர்த்தி, காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் மிச்ச ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.