இயேசு சொல்லிக்குடுத்த பரமண்டல ஜெபத்துல கடைசி வரி, ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீட்ல ஏன் சொல்றதில்ல?

நான் சிஎஸ்ஐ (புராட்டஸ்டண்ட் சபை), ஊர் நாசரேத் பக்கம். கட்டிக்கிட்டு வந்த வீடு ஆர்.சி., பெங்களூர் ஃப்ரேசர் டவுன். ராத்திரி ஆச்சுன்னா அத்தை ஜெபமாலைக்கு உக்காருவாங்க, நானும் கூட உக்காருவேன். வந்த புதுசுல எல்லாரும் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே"ங்கிறப்போ என் வாய் தானா "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ன்னு போயிரும், அவங்க ஆமென்னு முடிச்சப்புறமும் நான் மட்டும் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்"னு சொல்லிட்டு இருப்பேன், நாத்தனார் திரும்பிப் பாப்பா. இப்ப பொண்ணுக்கு மூணு வயசு, பேச்சு நல்லா வருது. எதைச் சொல்லிக்குடுக்க? பைபிள்ல இருக்கிற வரிய அவங்க ஏன் விட்டாங்க?

பதில் 1
விடல சிஸ்டர். மத்தேயு 6ல ஒண்ணு, லூக்கா 11ல இன்னும் சின்னதா ஒண்ணு, ரெண்டு இடத்துல இந்த ஜெபம் இருக்கு. நீங்க சொல்ற முடிவு லூக்காவுல கிடையாது. மத்தேயுவுலயும் 4ஆம் நூற்றாண்டு கையெழுத்துப் பிரதிகளான சினாய்டிகஸ், வாட்டிகானஸ் ரெண்டுலயும் இல்ல, பிந்தின பிரதிகள்லதான் வருது. ஆனா டிடாக்கேங்கிற ரொம்பப் பழைய சபை நூல்ல "வல்லமையும் மகிமையும்"னு ராஜ்யம் இல்லாம இருக்கு, அதனால ஆதி சபை ஜெபிச்ச முடிவுதான் அது, யாரோ இட்டுக்கட்டினது இல்ல. பூசையில கவனிச்சுப் பாருங்க, தந்தையே செபம் முடிஞ்சதும் சாமியார் தனியா ஒரு செபம் சொல்வார், அதுக்கப்புறம் ஜனங்க "ஆட்சியும் வல்லமையும் மாட்சியும்"னு சொல்வாங்க. உங்க வரிதான் அது, கொஞ்சம் தள்ளி வருது, அவ்வளவுதான்.

பதில் 2
இதே ஜெபத்துல மன்னிப்பு கேக்குற வரி எங்க சர்ச்ல "கடன்களை மன்னியும்". மத்தேயு கிரேக்கத்துல கடன்தான், லூக்காவுல பாவம். எனக்கு கடன்தான் பிடிக்கும், வட்டி கட்டின வீட்ல வளந்தவனுக்கு அந்த வார்த்தை நெஞ்சுல தைக்கும்.

பதில் 3
நான் ஆர்.சி., சிவாஜிநகர். எங்க அம்மாச்சி இத பரலோக மந்திரம்னுதான் சொல்வாங்க, அதுல "உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக"ன்னு வரும், "சோதனையில் விழவிடாதேயும்"னு வரும். இப்ப சொல்றது "சோதனைக்கு உட்படுத்தாதேயும்". கடவுளே நம்மள சோதனைக்குள்ள தள்ளுற மாதிரி இருக்கேன்னு 2017ல பிரெஞ்சுலயும் 2020ல இத்தாலியிலயும் பூசையில அந்த வரிய மாத்தினாங்க, போப் பிரான்சிஸும் அதப் பத்திப் பேசினார். அம்மாச்சி அத எப்பவோ சரியா சொல்லிட்டு இருந்திருக்காங்கன்னு நினைச்சப்போ அழுகையே வந்துருச்சு. உங்க அத்தைகிட்ட பழைய மந்திரம் ஞாபகம் இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

கேள்வி கேட்டவர்
கேட்டேன். ஜெபமாலைய மடியில வச்சுட்டு கண்ண மூடினாங்க, "பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே"ன்னு ஆரம்பிச்சாங்க. என் வார்த்தையேதான். சின்னப் பிள்ளையில படிச்சதாம், நடுவுல ஒரு எடத்துலகூட தடுக்கல. பொண்ணு அவங்க வாயவே பாத்துட்டு இருந்தா. ஆமென் சொன்னதும் அத்தை என்னப் பாத்து "நீ அந்த ராஜ்யமும்ங்கிறத சொல்லு, பிள்ளை கேக்கட்டும்"னாங்க.